பக்கத்து வீட்டு நாடித்துடிப்பு

முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு என் ஆங்கிலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் ஊரான லிங்கநகரில் மீன்காரரோடு ஆங்கிலம் பேச ஏலாது; பேசினால் விலை கூடும். வங்கிக்குப் போனால், படிவம் நிரப்பத் தெரியாமல் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பேன். ஒருவரும் இல்லையென்றால் சற்று ஏமாற்றத்தோடு வீடு திரும்புவேன்.

அதனால்தான், பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "டீச்சர், கொழும்பு டொக்டரோட போன்ல கதைக்கணுமாம். இங்கிலீசிலயாம். கொஞ்சம் வந்து சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டபோது, அடுப்பில் பருப்பு இருப்பதை மறந்துவிட்டு அப்படியே போனேன்.

அவள் கிண்ணியாக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கணவர் துறைமுகத்தில் வேலை. இவள் வீட்டிலிருந்து தையல் தைப்பாள். பிரஷர், சீனி வருத்தம் இரண்டும் உண்டு. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனால் ஒரு முழுநாள் தையல் கெட்டுப்போகிறது என்று மாதக்கணக்கில் போகாமலே இருந்துவிட்டாள். அது கட்டாரில் இருக்கும் மகனுக்குத் தெரியவந்ததும், அவன் அங்கிருந்தே ஒரு ஏற்பாடு செய்துவிட்டான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வீடியோவில் வருவார். அதோடு கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டியும் வந்தது. பார்க்க மணிக்கூடு மாதிரி. நாடி, பிரஷர், நடை, நித்திரை எல்லாவற்றையும் அது தானே அளந்து டொக்டருக்கு அனுப்பிவிடுமாம்.

டொக்டர் சிங்களப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். திரையில் முகம் வந்ததும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். நான் யார், எத்தனை வருடம் படிப்பித்தேன், இந்த நோயாளிக்கு ஆங்கிலமும் தெரியாது சிங்களமும் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் என்னூடாகவே கேட்கலாம் என்று பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பேசுவதுபோல ஒரு பேச்சு. டொக்டர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இடம் கொடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பு நான் நினைத்ததைவிட இலேசாக இருந்தது. ஏனென்றால் நான் பெரும்பாலும் மொழிபெயர்க்கவில்லை.

தங்கச்சி சொல்வாள்: "உள்ளங்கால் ரெண்டும் எரியுது டீச்சர். கொச்சிக்காய அரைச்சுப் பூசின மாதிரி. மெசினை மிதிக்கக்குள்ள தெரியாது, காலைத் தூக்கி கட்டில்ல வெச்சாத்தான் தொடங்கும். அன்டைக்கு ஒரு நாள் ஈரத்துணியச் சுத்திக்கிட்டுப் படுத்தன்."

நான் டொக்டரிடம் சொல்வேன்: காலில் எரிவு.

"அவ்வளவுதானா நான் சொன்னது?" என்று தங்கச்சி கேட்பாள்.

"இங்கிலிஷ் சுருக்கமான பாஷை, தங்கச்சி."

சுருக்கியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்று நேரமும் சோறுதான் சாப்பிடுகிறாள் என்று டொக்டரிடம் நானாகவே கோள் சொன்னேன். டொக்டர் சொன்னதோடு என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன். தங்கச்சியின் வீட்டில் பின்னேரம் ஆறரைக்கு ஒரு டீவி நாடகம் தொடங்கும். அதில் வரும் மாமியார் போடும் சத்தம் மதிலைத் தாண்டி என் குசினிக்குள் வந்து விழும். ஒரு செவ்வாய்க்கிழமை டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் தங்கச்சியிடம், "உப்பைக் குறைக்கட்டாம். பின்னேரத்தில டீவியும் பார்க்க வேண்டாமாம். பிரஷர் ஏறுமாம்" என்றேன். பாவம், அவள் அன்றைக்கே நிறுத்திவிட்டாள்.

போதாததற்கு, திரைக்கு முன்னாலேயே தமிழில் விமர்சனம் வேறு. "பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா இறந்தகாலம் எல்லா இடத்திலயும் பிழைக்குது. எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சதோ" என்று ஒருநாள் சொன்னேன். டொக்டர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல பண்பான பிள்ளை என்று அதற்கும் மனதுக்குள் புள்ளி போட்டேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, பட்டி கட்டிய இடம் கடிக்கிறது, அது சரியாக வேலை செய்கிறதா என்றும் தெரியவில்லை என்று தங்கச்சி கழற்றிக் கொண்டுவந்தாள். "இதுக்குள்ள இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு. ஒருக்கா வாசிச்சுப் பாருங்களன்."

வாசிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அன்று மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஒன்றுகூடல் இருந்தது. அந்தக் கறுப்புப் பட்டி என் நீலச் சேலைக்கு நன்றாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டு போனேன். "இதென்ன?" என்று ஒருவர் கேட்பதற்காகத் தேநீர்க் கோப்பையை மூன்று தடவை இடது கையால் எடுத்தேன். கேட்டார்கள். "கொழும்பில என்ர டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறா" என்றேன். சொன்ன பிறகு அதைக் கழற்ற மனம் வரவில்லை. ஞாயிறும் கட்டியிருந்தேன். திங்கள் கடற்கரை நடைக்கும் அதோடுதான் போனேன்.

கொஞ்ச நாளாக நடக்கும்போது எனக்கு மூச்சு வாங்கும். நெஞ்சுக்குள் திடீரென்று ஏதோ புரளும், பிறகு அடங்கும். அதற்கு நான் வாயு என்று பெயர் வைத்திருந்தேன். இஞ்சி அவித்துக் குடிப்பேன். மற்றவர்களின் வருத்தத்தை ஆங்கிலத்தில் சொல்கிற ஆளுக்குத் தன் வருத்தத்தைத் தமிழில் யாரிடமும் சொல்ல வெட்கம்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியைக் கழற்றித் துடைத்து, தங்கச்சியின் கையில் நானே கட்டிவிட்டேன். "இப்ப நல்லா வேலை செய்யுது" என்றும் சொன்னேன்.

டொக்டரின் முகம் அன்று வேறு மாதிரி இருந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் ஆங்கிலத்தில் நேராக விஷயத்துக்கு வந்தார். சனிக்கிழமையிலிருந்து நோயாளியின் இதயம் ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. சும்மா இருக்கும்போதே சில நேரம் நூற்றுமுப்பதைத் தாண்டுகிறது. இது பட்டியின் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையாக இருந்தால், இதயத்துக்குள் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். இதைப் பயமுறுத்தாமல், ஆனால் தெளிவாக, அவருக்குச் சொல்லுங்கள்.

சனிக்கிழமையிலிருந்து.

முதலில் வந்தது பயம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். முதலில் வந்தது வெட்கம். அடுத்தவளின் பட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனது தெரியவந்துவிடுமே என்றுதான் முதலில் நினைத்தேன். பயம் அதற்குப் பின்னால், மெதுவாக, கால் வழியாக ஏறி வந்தது.

"என்னவாம் டீச்சர்? ஏன் டொக்டர்ர முகம் இப்பிடி இரிக்கு?" தங்கச்சி என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒண்டுமில்லை. எல்லாம் நல்லா இருக்காம். மெசின்தான் கொஞ்சம் பிழையாம்."

"டீச்சர்," என்றது திரை. தமிழில். "நான் அப்பிடிச் சொல்லல்லயே."

தங்கச்சிதான் முதலில் வாய் திறந்தாள். "அல்லாவே! டொக்டருக்குத் தமிழ் தெரியுமா?"

"மூதூர்ல நாலு வருஷம் வேலை செஞ்சன். நல்லா விளங்கும். கதைக்கத்தான் கொஞ்சம் பிழைக்கும்." டொக்டர் என்னைப் பார்த்தார். "முக்கியமா இறந்தகாலம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"முதல் நாளே சொல்ல வந்தன். டீச்சர் விடல்ல. பிறகு, நீங்க சொல்லுறது முழுக்க எனக்கு விளங்குது, டீச்சருக்கும் சந்தோசம், இருக்கட்டும் எண்டு விட்டன். அது என்ர பிழை." பிறகு இதையும் சொன்னார். "டீவி பத்தியும் நான் ஒண்டும் சொல்லல்ல. அதை அடுத்த முறை சொல்லுவம் எண்டு மறந்து போச்சு."

தங்கச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். எழும்பி நிற்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டொக்டர்," என்றேன். "சனிக்கிழமையில இருந்து அந்தப் பட்டி என்ர கையிலதான் இருந்தது. இப்பதான் கழட்டிக் குடுத்தனான்."

தங்கச்சி முதலில், "அப்ப எனக்கில்லயா?" என்று நெஞ்சில் கை வைத்தாள். அடுத்த கணம் அந்தக் கை அங்கிருந்து என் தோளுக்கு வந்தது. "அப்ப ஒங்களுக்கா டீச்சர்?"

டொக்டர் பட்டியைத் திரும்ப என் கையில் கட்டச் சொன்னார். தங்கச்சிதான் கட்டினாள். "என்ன செய்யுது எண்டு சொல்லுங்க" என்றார் டொக்டர். நான் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினேன். பாதியில் சொல் வரவில்லை. முப்பத்தொரு வருடத்து ஆங்கிலத்தில் என் நெஞ்சுக்கு ஒரு சொல் இல்லை.

"தமிழில சொல்லுங்க, டீச்சர்."

"நெஞ்சுக்குள்ள ஒரு மீன் துடிக்கிற மாதிரி" என்றேன். "வள்ளத்துக்குள்ள தூக்கிப் போட்ட மீன்."

"எவ்வளவு காலமா?"

"ஆறு மாசம் இருக்கும்."

"ஆருக்கும் சொல்லல்லயா?"

"வாயு எண்டு நினைச்சனான்."

டொக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "இவவைக் கூட்டிக்கொண்டு போங்க. இப்பவே" என்றார். தைக்கக் கொடுத்த சட்டைகளை மெசினிலேயே போட்டுவிட்டுத் தங்கச்சி ஓட்டோ பிடித்துவந்தாள்.

ஈசிஜியில் டொக்டர் சொன்னதுதான் இருந்தது. இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். பிறகு நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு முழுநாள் வீட்டில் இருந்துவரச் சொன்னார்கள். எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். நான் நல்ல ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். வாங்கியவர் நேரங்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். இப்போது காலையும் மாலையும் குளிசை. இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒன்று, நாடியை அடக்க ஒன்று.

தங்கச்சி டீவி விஷயத்தில் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கதைத்தாள், அதுதான் பிரச்சினை. "ரெண்டு மாசம் போச்சே டீச்சர். அந்த மருமகளுக்கு என்ன நடந்ததோ" என்று ஒரு பின்னேரம் பெருமூச்சு விட்டாள். நான் மெல்ல, "அவள் தாய் வீட்டுக்குப் போயிட்டாள்" என்றேன். என் வீட்டிலும் அதே நாடகம்தான் ஓடியது, சத்தம் குறைத்து. அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் அவள் மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். எதையும் சுருக்கவில்லை. சுருக்கினால் அவள் விடமாட்டாள்.

அவள் மகன் எனக்கும் ஒரு பட்டி அனுப்பினான். டொக்டரோடு அவளே நேராகத் தமிழில் கதைக்கிறாள். கொச்சிக்காய், ஈரத்துணி, கட்டில் என்று முன்பே காதில் விழுந்ததையெல்லாம் டொக்டர் இப்போது அவளிடமே துருவிக் கேட்டார். கால் எரிவு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை வைத்துத்தான் டொக்டர் குளிசையை மாற்றினார். இப்போது எரிவு குறைவு. நான் "காலில் எரிவு" என்று முடித்துவைத்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

சென்ற பள்ளிக்கூட விடுமுறையில் டொக்டர் குடும்பத்தோடு நிலாவெளிக் கடற்கரைக்கு வந்தவர், வழியில் எங்களையும் பார்க்க வந்தார். திரையில் உயரமாகத் தெரிந்த பிள்ளை நேரில் என் தோள் உயரம்கூட இல்லை. தங்கச்சி நல்ல இனிப்பாக வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். டொக்டர் ரசித்துச் சாப்பிட்டார், எங்கள் இருவருக்கும் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டு. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பட்டி இல்லாத கையை எடுத்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மற்றக் கையில பட்டி இருக்குத்தானே டொக்டர், அதில எழுபத்தெட்டு எண்டு காட்டுது, காலையில எண்பத்திரண்டு, நேற்றுப் பின்னேரம்..."

"டீச்சர்," என்றார், கண்ணைத் திறக்காமல். "கதைக்காதீங்க. எண்ணிக்கொண்டிருக்கிறன்."