மாமாவின் மூன்று நாட்டுக் காசுகள்

நடுவில் ஓட்டை போட்ட நோர்வே காசைத்தான் மாமா முதலில் எடுப்பார். அதைக் கண்ணருகே பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்ப்பார். நான் சிரித்து முடித்த பிறகுதான் மற்றவை வெளியே வரும்: ராஜா தலை போட்ட சுவீடன் வெள்ளிக்காசு, டென்மார்க் செப்புக்காசு, மடிப்பில் நைந்த ஒரு டென்மார்க் நோட்டு. மாமா என் அம்மாவுக்கு அண்ணன். இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். அதற்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே வந்த கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை இவை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் டென்மார்க்கில் பழைய நோட்டெல்லாம் செல்லாது என்று மாற்றிவிட்டார்களாம். அதனால்தான் அந்த நோட்டும் சும்மா கிடைத்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மாமா வீட்டில்தான் இருந்தோம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. தேநீர் ஆறிப்போகும்வரை மாமா காசுக் கதை சொல்வார். "மூணு நாடுங்க. அப்பல்லாம் மூணு நாட்டுக் காசுக்கும் தங்கத்துல மதிப்பு ஒண்ணு. சுவீடன் காச டென்மார்க் கடையில நீட்டினா பேசாம வாங்கிக்குவான். நோர்வே சுவீடன் ராஜாகிட்ட இருந்து பிரிஞ்சு போச்சு. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்ச பெறகும் காசு மட்டும் பொதுவாத்தான் இருந்துச்சுங்க." ஏதோ தானே முன்னின்று பாகம் பிரித்துக் கொடுத்தவர்போல ஒரு பெருமை அவர் முகத்தில் இருக்கும். கதையை அவர் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது இந்தியாவில், முசிறியில் அம்மாவின் அக்கா இறந்துபோனார். இலங்கை சுதந்திரம் அடைந்து, யார் இந்த ஊர்க்காரர், யார் அந்த ஊர்க்காரர் என்று சட்டம் போட ஆரம்பித்திருந்த காலம். அம்மா தயங்கினார். "போனா திரும்பி வர பர்மிட்டு எடுக்கணும்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்களேண்ணே."

மாமா சிரித்தார். "இந்திய ரூபாயும் சிலோன் ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணு, தங்கச்சி. அந்த ரூபா இங்க செல்லுது, இந்த ரூபா அங்க செல்லுது. ஆளு செல்லாதா? எனக்கு லீவு கெடைக்கல, நீ போயிட்டு வா. புள்ளைக்குச் சளியா இருக்கு, இங்கயே இருக்கட்டும்."

படித்த அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா புறப்பட்டார். காரியம் முடித்துத் திரும்பியவரைத் தனுஷ்கோடியில் கப்பலேற விடவில்லை. கூடப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் பர்மிட் வைத்திருந்ததால் வந்து சேர்ந்தார். செய்தி சொன்னவரும் அவர்தான்.  அதன்பின் மாமா லீவு கிடைத்தபோதெல்லாம் கொழும்புக்கு ஓடினார். போன ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் இன்னொரு கந்தோருக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காசுக் கதை சொல்வதையும் விட்டுவிட்டார். ஒருமுறை நானாகக் கேட்டபோது, அவர் அதுவரை சொல்லாமல் விட்ட மிச்சத்தைச் சொன்னார். "மொத உலகச் சண்டை வந்துச்சு. ஒரு நாட்டு காசு ஒசந்துச்சு, இன்னொண்ணு எறங்குச்சு. ஒங்க காசு ஒங்களுக்கு, எங்க காசு எங்களுக்குன்னுட்டாங்க. இதுவும் எனக்குத் தெரியும் புள்ள. தெரிஞ்சுதான் ஒங்கம்மாவ அனுப்பிட்டேன்."

அவருடைய குற்ற உணர்ச்சியில் நான் சொகுசாக வளர்ந்தேன். தலவாக்கலை டவுனிலிருந்து ரிப்பன் வரும், கலர் பென்சில் வரும். மாமாவின் மனைவி, என் அத்தை, தன் பிள்ளைகளுக்கு முன் எனக்குச் சோறு போடுவார். அம்மாவின் முகம் மெல்ல மெல்ல மறந்துபோனது. அது மறந்துபோனதே எனக்குத் தெரியவில்லை. குழந்தைதானே என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் இதுவரை ஒட்டவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து அம்மாவுக்கு ஒரு மாதம் தங்க அனுமதி கிடைத்தது. மெலிந்துபோன ஒரு பெண் வந்து என் தலையைத் தடவினார். நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு நாளில் பழகிவிட்டேன், ஊரிலிருந்து வந்த விருந்தாளியிடம் பழகுவதுபோல. மாதம் முடிந்து வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போனோம். மாமா, "இவளையும் கூட்டிக்கிட்டுப் போ தங்கச்சி, நான் எப்படியாவது ஏற்பாடு பண்றேன்" என்றார். நான் மாமாவின் கோட்டு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். "இருக்கட்டும்ணே. நீங்க நல்லாத்தானே வளத்திருக்கீங்க." மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ரயில் வந்தது. ஏறப்போன அம்மா திரும்பி வந்து என் முன்னால் குனிந்தார். "நான் போன புதுசுல என்னைத் தேடி அழுதியாம்மா?"

வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்கிற மிடுக்கோடு, "இல்ல, நான் அழவே இல்ல" என்றேன்.

"நல்லதும்மா" என்று சொல்லி அம்மா ரயிலேறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

வெகு காலம் கழித்து அத்தை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அம்மா போன புதிதில் நான் வாசலை விட்டு நகராமல், தொண்டை கட்டிப்போகும்வரை அழுதேனாம்.