மச்சினன் ஏறிய குதைபியா பஸ்

அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் என் மச்சினன் செல்வம், பஹ்ரைனில் எங்களோடு இரண்டு நாள் தங்கியிருக்கிறான். வந்ததிலிருந்து ஒரே பாட்டு.

"அத்தான், அக்காவக் கூட்டிட்டு அங்க வந்துருங்க."

என் கார் ஒர்க்‌ஷாப்பில். அதனால் இன்று குதைபியாவிலிருந்து மார்க்கெட்டுக்கு அவனை பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருக்க, இவன் காலியாயிருந்த முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான். எங்கள் தமிழைக் கேட்ட பரமக்குடிக்காரர் ஒருவர் அவன் தோளைத் தட்டினார்.

"தம்பி, அது லேடீஸ் சீட்டு. காலியாக் கெடந்தாலும் உக்கார மாட்டோம். இங்கிட்டு வாங்க."

செல்வம் அசடு வழிய எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த ஸ்டாப்பில் வயதான அம்மா ஒருவர் காய்கறிப் பையோடு தனியாக ஏறி, அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமெரிக்காவுல எங்க ஊர்ல பஸ்ஸே கிடையாது அத்தான். பஸ் விட வரியக் கொஞ்சம் கூட்டலாமான்னு ஓட்டெடுப்பு வச்சாங்க. ஜனங்க வேண்டாம்னுட்டாங்க. எங்கம்மா அங்க வந்து, எங்கயும் போக முடியாம வீட்டுக்குள்ளயே கெடந்துட்டு, போதும்டான்னு ஊருக்குப் போயிட்டாங்க."

"வருமான வரியே கட்டாத நாங்க இங்க பஸ்ல போறோம். உங்க அக்காவுக்கும் கார் ஓட்டத் தெரியாது, ஞாபகம் இருக்கா?"

மார்க்கெட் வந்தும் இறங்க மறுத்துவிட்டான்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வருவோம் அத்தான்."

அமெரிக்க நண்பர்களே, உங்கள் பக்கம் பஸ் ஓடுகிற சின்ன ஊர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மச்சினனுக்கு அம்மா திரும்ப வர வேண்டுமாம். என் மாமியார் அமெரிக்கா போவதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.