பெயிண்டர் தேய்த்த மரம்

பெயிண்டர் தொட்ட சுவரில் மேடு பள்ளம் பார்க்க முடியாது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்ப்பார். "போதும் பெயிண்டரே, சுவர் தேஞ்சு பக்கத்து வீடு தெரியப்போகுது" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் விடமாட்டார். நாற்பது வருஷம் தேய்த்த கை வேலையை விட்டபிறகு மட்டும் சும்மா இருக்குமா? வீட்டில் கதவு, நாற்காலி, அம்மிக்கல் வரைக்கும் தேய்த்து முடித்தார். மனைவி மட்டும்தான் தப்பித்தாள்.

வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் தோட்டம். அத்தனை இடம் கிடக்க, மழைக்காட்டுப் பழமரக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நட்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கேதான் போகிறது, காட்டு மரத்துக்கு ஈரம் வேண்டும் என்பது அவர் நியாயம். "நம்ம காட்டு மரம்தான். ஆறாம் வருஷம் கொத்துக் கொத்தாக் காய்க்கும்" என்று சொல்லித்தான் நாற்றுப் பண்ணைக்காரர் கொடுத்தார். எங்கே காய்க்கும் என்று இவர் கேட்கவில்லை. இதை எல்லாம் யார் கேட்பார்கள்?

பதினோரு வருஷம் ஆயிற்று. கிளைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். அடிமரத்தில் மட்டும் ஆறாம் வருஷத்திலிருந்து, மழைக்கு முன்னால், புடைப்புப் புடைப்பாக ஏதோ கிளம்பும். பெயிண்டருக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். சொறி என்று முடிவுகட்டி, பட்டித் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

மனைவிக்கோ பட்டப்பகலில் லைட் போட்டுச் சமைக்கிற தலையெழுத்து. "இந்த வருஷமும் காய்க்கலைன்னா வெட்டிடணும்" என்று கெடு வைத்தாள். சரி என்றார். ஆனாலும் அந்தப் பழத்தில் ஒன்றையாவது வாயில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஆசை.

அந்த வருஷம் பார்த்துத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. எட்டின மட்டும் தேய்த்துவிட்டு, அரைகுறை வேலையைக் காணச் சகிக்காமல் நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மேலே விட்ட புடைப்புகள் பூத்து, பெருத்து, தொங்கி, சிவந்தன.

"சொறி முத்திப்போச்சுங்க" என்றாள் மனைவி. "சீழ் கோத்து செக்கச்செவேல்னு தொங்குது. என் கத்தரிச்செடிக்கும் ஒட்டிக்கப்போகுது. ஆளை வரச் சொல்லிட்டேன்."

கெடு முடிந்துவிட்டது; அதற்குச் சரி என்று சொன்னவரும் பெயிண்டர்தான். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் கயிறும் ரம்பமுமாக வந்து மரத்தை ஒரு சுற்று சுற்றினார். சிவப்பாகத் தொங்கியதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, துப்புங்க! அது சொறி!" என்று மனைவி அலறினாள்.

அவர் கொட்டையை மட்டும் துப்பினார். "சொறியா? பழம்க்கா இது! இந்த மரம் அடிமரத்துலதான் காய்க்கும். ஆமா, நெஞ்சு உசரத்துக்குக் கீழ ஏன் ஒண்ணுகூட இல்ல? எந்தப் பாவி சுரண்டினான்?"

பாவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சொன்ன வருஷத்தில் சொன்னபடி காய்க்க வந்த மரத்தின் மொட்டுகளை, வருஷம் தவறாமல் தன் கையாலேயே வழித்து எறிந்திருக்கிறார். பெயிண்டருக்குத் தாங்கவில்லை. வந்தவர் முன்னால் என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதார்.

மனைவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று அடக்கிக்கொண்டாள். "ஜன்னலை மறைக்கிற ரெண்டு கிளையை மட்டும் கழிச்சு விடுங்க, போதும்" என்று வெட்ட வந்தவரிடம் சொல்லிவிட்டு, ஒரு கொத்தை ஒடித்து வந்து பெயிண்டரின் கையில் வைத்தாள்.

"அழாதீங்க. நாலு மாசமா தினமும் எதிர்ல நின்னு பார்த்தவ நான். எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? தின்னுங்க."

பழம் நல்ல புளிப்பு. பெயிண்டர் கண்ணை இறுக்கிச் சுருக்கிக்கொண்டு, அடுத்ததையும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.