ஆசந்திப் பூ

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கோயிலில் எந்தப் பெண்ணும் தலையில் பூ வைப்பதில்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தால், அதோடு ஈஸ்டர் வரைக்கும் மல்லிகை கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, முடிந்தவர்களுக்குக் கறி மீனும் கிடையாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்துப் பூ விற்கும் பெண்களுக்கும் இது தெரியும். எங்களைக் கண்டால் முழம் போடக் கையைத் தூக்க மாட்டார்கள். மற்ற பெண்களுக்கு இது ஒறுத்தல். எனக்கு இது ஓய்வு. வருஷத்தில் இந்தச் சில வாரங்கள்தான் பூசையில் என் தலையும் பக்கத்தில் இருப்பவள் தலையும் ஒரே மாதிரி இருக்கும்.

என் கணவர் கொத்தனார். அனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்போது எங்கள் மகளுக்குப் பால்பல் கூட விழத் தொடங்கவில்லை. என் தலையிலிருந்து பூவையும் நெற்றியிலிருந்து பொட்டையும் எடுத்தவர்கள் வேறு யாரோ இல்லை, ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிற என் சொந்த பந்தங்கள்தான். செத்தவர்கள் உயிர்ப்பார்கள் என்று பூசையில் உரக்கச் சொல்கிறவர்களுக்கு, செத்தவனின் பெண்டாட்டி உயிரோடு இருப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கு மட்டும் ஊர் வழக்கம் வேண்டியிருந்தது.

காகிதப் பூ செய்வது எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்து வேலை. பீடத்தில் நிஜப் பூ வைக்காத நாட்களில் கை சும்மா இருக்க வேண்டாம் என்று யாரோ எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும், கோயிலில் ஊற்றும் கஞ்சியைக் குடித்துவிட்டு, மறைக்கல்வி நடக்கும் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். பகலெல்லாம் காய்ந்த கோட்டைப் பாறைகளின் சூடு அந்த நேரத்தில்தான் ஊருக்குள் இறங்கும். ஃபேன் சுற்றினால் காகிதம் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள்.

அங்கே இரண்டு விதமான பூ செய்வோம். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்தித் தெருவில் சுமந்து வரும் பாடையை ஆசந்தி என்போம். அதைச் சுற்றி வைக்க ஒரு கூடைப் பூ. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பெண் குழந்தைகள் முதல் முதலாக நற்கருணை வாங்குவார்கள், அதற்குப் பெயர் புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு வரும் அந்தக் குழந்தைகளின் பூமுடிக்கு ஒரு கூடைப் பூ.

கிரேப் காகிதத்தை இதழ் இதழாக வெட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்து வளைத்து, மெல்லிய கம்பியில் வைத்து நூலால் இறுக்க வேண்டும். பிறகு கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, பூவை அதில் முக்கி எடுக்க வேண்டும். மெழுகு ஏறினால்தான் இதழ் விறைப்பாக நிற்கும். சூடு கூடினால் காகிதம் துவண்டுவிடும், குறைந்தால் மெழுகு திப்பி திப்பியாகத் திரண்டு நிற்கும். அந்தப் பதம் எனக்கு நன்றாக வரும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸும் பள்ளிக்கூடச் சாமான்களும் விற்கிற கடையில் வேலை செய்கிறேன், காகிதம் என் கைக்குப் பழக்கம்.

பதம் வந்து என்ன? நான் ஆசந்திப் பூ மட்டும்தான் செய்யலாம். செத்த சாமிக்கு நான், வாழப் போகிற குழந்தைகளுக்கு மற்றவர்கள். இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. பெண்கள் சபையின் தலைவியை நாங்கள் அக்கா என்போம். புதுநன்மைக் குழந்தைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். நான் கூடத்துக்குள் நுழைந்ததும், "நீ அந்தப் பக்கம் குந்துமா, காத்து வரும்" என்பார். ஃபேனை நிறுத்திய கூடத்தில் எந்தக் காற்று வரும்?

முன்பெல்லாம் ஆசந்திக்கு ஊதாப் பூ வைப்போம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்காவே திண்டிவனத்திலிருந்து காகிதம் வாங்கி வந்தார். பெரிய வெள்ளியன்று ஜனங்கள் வரிசையாக வந்து சொரூபத்தின் பாதத்தை முத்தமிட்டுப் பன்னீர் தெளித்தார்கள். மெழுகு மூடாத காம்புப் பக்கம் நனைந்து சாயம் இறங்கி, ஆண்டவர் மேல் போர்த்திய வெள்ளைத் துணியில் ஊதா திட்டுத் திட்டாகப் பரவியது. மட்டமான சாயம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கை ராசி என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள்.

அதனால் போன தவக்காலத்தில் அக்கா புது உத்தரவு போட்டார். ஆசந்திக்கும் வெள்ளைப் பூவே. ஆக, அந்தக் கூடத்தில் ஒரே வெள்ளைக் காகிதம், ஒரே கம்பி, ஒரே மெழுகுச் சட்டி, ஒரே மாதிரிப் பூ. ஆனால் கூடை இரண்டு. மாறிப் போய்விடக் கூடாது என்று என் கூடையின் காதில் அக்கா ஊதா ரிப்பன் கட்டினார். முடிச்சு அவிழ்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். நான் மெழுகுச் சட்டியைக் கிளறிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் புதுநன்மை வாங்கப் போகிறவர்களில் என் மகளும் ஒருத்தி.

அவளுடைய பூமுடியை நான்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேறெதற்கும் நான் அந்தச் சபையில் போட்டி போட்டதில்லை. திருவிழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதோ, வளைகாப்பில் முன்னால் நிற்பதோ, எதையும் கேட்டதில்லை. இது ஒன்று எனக்கு வேண்டும். அவள் தலையில் நான் செய்த பூ இருக்க வேண்டும். மூன்றாவது வெள்ளியோ நான்காவது வெள்ளியோ, கஞ்சிப் பாத்திரம் கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, என் பொண்ணுக்கு மட்டும் நானே செஞ்சிக்கிறேன்கா. மத்த கொழந்திங்களுது தொட மாட்டேன்."

"உனக்கு எதுக்குமா டென்ஷன்? நாங்க செஞ்சித் தர மாட்டமா?"

"நீங்க செய்வீங்க. நான் செஞ்சா இன்னா?"

"நல்ல காரியம். பாத்துத்தான் செய்யணும். உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும்தான். ஆனாலும் கேட்டேன். "சிலுவையடியில நின்னாங்களே மாதா, அவங்க கூட அப்ப புருஷன் இல்லாதவங்கதானேக்கா? அவங்களுக்கு மட்டும் தெனம் மால கட்டிப் போடுறீங்க."

அக்காவின் கை கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலேயே நின்றது. "மாதாவும் நீயும் ஒண்ணா?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. புத்தி பேதலித்தவளிடம் பேசுவதைப் போல மெதுவாகச் சொன்னார். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கடை முதலாளி பாய் வெறும் வயிற்றோடு மதியம் கல்லாவில் கண்மூடிச் சாய்ந்திருப்பார். நான் கேட்டதும் எழுந்து போய், "இது சாயமும் போவாது, கிழியவும் கிழியாது" என்று மேல் தட்டிலிருந்து நல்ல காகிதம் எடுத்துக் கொடுத்தார். அதில் மல்லிகை அளவுக்குச் சின்னச் சின்னப் பூவாகச் செய்தேன். கூடத்தில் பூவின் நடுவில் வைக்க மஞ்சள் காகிதத்தைத்தான் சுருட்டுவார்கள். நான் வெள்ளை நூலை மஞ்சள் தூளில் தோய்த்து உலர்த்தி வைத்தேன். மஞ்சள் பூசிக் குளிக்காதே என்றுதானே சொன்னீர்கள், நூலுக்குப் பூசக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு செய்தேன். எல்லாப் பூவையும் வட்டமாக வளைத்துக் கட்டியதும் என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிட்டு அவள் தலையில் வைக்கப் போனேன். பின்னால் நகர்ந்தாள்.

"யாருமா செஞ்சது?"

"நான்தான். உனக்கோசரம்."

"எனக்கு வாணாம்."

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுக் கேட்டுத்தான் வாயிலிருந்து வந்தது. "நீ செஞ்சத வெச்சிக்கினா நானும் உன்ன மாதிரி ஆயிடுவேனாம். டீச்சர் சொன்னாங்க. நைனா மாதிரி என் வூட்டுக்காரரும் செத்துடுவாராம்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்காரன். அவனுக்குச் சாவு. அதற்குக் காரணம் என் கை. மறைக்கல்வியில் பத்துக் கட்டளைகளோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் அக்கா. என் பிள்ளை பத்தில் இரண்டை மறந்துபோவாள், இதை மறக்கவில்லை. அவளை அடிக்கக் கை ஓங்கினேன். எந்தக் கையை ஓங்குகிறேன் என்று அவள் பார்த்த பார்வையில் கீழே போட்டுவிட்டேன். அன்று அழுததைப்போல என் கணவர் செத்த அன்று கூட நான் அழவில்லை.

பூமுடியைப் பிரித்தேன். எறிய மனம் வரவில்லை. அந்தப் பூக்களை ஊதா ரிப்பன் கட்டிய கூடையில் கொண்டுபோய்ப் போட்டேன். ஆண்டவர் ஏற்கெனவே செத்தவர், என் கையால் அவருக்குப் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?

பெரிய வெள்ளி சாயங்காலம் ஆசந்தியை அலங்கரிக்கும்போது, கூடத்தில் செய்த பெரிய பூக்களைச் சுற்றிலும் வைத்துவிட்டு, என் மகளுக்கென்று செய்த சின்னப் பூக்களை ஆண்டவரின் தலைமாட்டில், முள்முடிக்குப் பக்கத்தில் செருகினேன். யாரும் தடுக்கவில்லை. "இந்த வாட்டி சூப்பரா இருக்குது" என்று ஃபாதர் கூடச் சொன்னார். பவனி முடிந்து ஆசந்தி கோயிலுக்குள் திரும்பியதும், வழக்கம்போலக் கூட்டம் பாய்ந்தது. ஆசந்தியில் இருந்த பூவென்றால் அடித்துப் பிடித்து எடுப்பார்கள். பைபிளில் வைப்பார்கள், பிள்ளை இல்லாதவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள், காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியில் ஒற்றுவார்கள். கை ராசி பேசிய அத்தனை கைகளும் அங்கே இருந்தன. அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், தலைமாட்டில் இருந்ததை மொத்தமாக அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டதைத் தூணோரம் நின்று பார்த்தேன். சிரிப்பாகக் கூட வந்தது.

புதுநன்மை ஞாயிறு. கூடத்தில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, சபையில் செய்த பூமுடிகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் மல்லிகையும் பட்டுப்புடவையுமாகப் பக்கத்தில் நின்றார்கள். நான் கதவோரம். பெரிய வெள்ளியன்று அள்ளிய பூக்களை அக்கா பத்திரமாக வைத்திருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார், அந்த முடிச்சை அவிழ்த்தார். "ஆசந்திப் பூ. ஆண்டவர் தலைமாட்டுல இருந்தது. ஆளுக்கு ஒண்ணு, ஆசீர்வாதம்" என்று சொல்லி, ஒவ்வொரு பூமுடியின் முன்பக்கத்திலும் ஒன்றைச் செருகிக்கொண்டே வந்தார். நடுவில் மஞ்சள் தோய்த்த நூல். ஒவ்வொரு குழந்தையின் நெற்றிக்கு மேலும் என் பூ. என் மகளிடம் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அது நான் செஞ்ச பூ."

இரண்டு மூன்று அம்மாக்களின் கை தங்கள் பிள்ளையின் தலைக்குப் போனது. அக்கா கையில் இருந்த பூவைத் திருப்பிப் பார்த்தார். அந்த நூலைப் பார்த்தார். ஒரு கணம் எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். எடுத்திருந்தால் கூட ஆறியிருப்பேன்.

"அதனால இன்னா? சாமி மேல பட்டாச்சு. இப்ப இது சாமி பூ" என்றார். அம்மாக்களின் கைகள் இறங்கின. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவ்வளவு சுலபம். நான் பெற்ற பிள்ளையின் தலை வரைக்கும் என் கை போவதற்கு, நடுவில் ஆண்டவர் ஒருமுறை செத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

மகள் நிமிர்ந்து நின்றாள். பூவை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அது எந்தப் பூ என்று தெரியும், அந்த நூலை அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். நான் கதவோரத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்புவாள் என்றுதான் பார்த்தேன்.

"இப்ப வெச்சிக்கலாமா டீச்சர்?" என்று அக்காவைக் கேட்டாள்.

வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா தலையாட்டினார்.