மாமனாரும் முன்னறை மைக் செட்டும்

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இதயம் இரும்பு மாதிரி இருக்கு. ரொம்ப வருஷம் இருப்பாரு. ஆனா இடது பக்கம் இனிமே வராது. எந்நேரமும் கூட ஒரு ஆள் வேணும்." இதில் எந்தப் பாதிக்குச் சந்தோஷப்படுவது, எந்தப் பாதிக்குக் கவலைப்படுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மாமியார் முன்பே போய்விட்டார். என் கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. நான் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டில் எந்த வேலையை விட்டாலும் அடுப்பு எரியாது. எங்களிடம் சொத்து என்று இருந்தது முதலியார்பேட்டை வீடு ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னால் எழுதி வாங்கிய மனையில் மாமனார் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. பேச்சு கொஞ்சம் குழறினாலும், "நொத்தேர்" என்ற சொல்லை மட்டும் அவர் சுத்தமாக உச்சரிப்பார்.

வீராம்பட்டினத்திலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தோம். கடலுக்குப் போவதை விட்டுவிட்ட மீனவர். மாமனாரை ஈர வலையைத் தூக்குவதுபோல அநாயாசமாகத் தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைப்பார். மத்தியானத்தில் இருவரும் சீட்டாடுவார்கள். மாமனாருக்கு ஒரு கைதான் என்பதால் அவருடைய சீட்டையும் மீனவரே பிடித்துக்கொள்வார். அப்படியும் மீனவர்தான் தோற்பார். "அய்யா மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆட்டம் மறந்துடுது" என்பார்.

அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே? முன்னறையை வாடகைக்கு விடலாம் என்றேன். "தையல்காரர் யாராவது வந்தா நல்லது, சத்தம் இருக்காது" என்றார் கணவர். வந்தவர் மைக் செட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர். கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். அது மீனவர் சம்பளத்துக்குச் சரியாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது விடிவதே "ஹலோ... ஒன், டூ, த்ரீ" என்றுதான். மாமனார் எரிச்சல்படுவார் என்று பயந்தேன். அவரோ படுத்தபடியே, "த்ரீ சரியா கேக்கலடா, இன்னொரு வாட்டி சொல்லு" என்று குரல் கொடுப்பார்.

கணவரின் அண்ணன் கடலூரில் வேலையாக இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வருவார். மோசமானவர் அல்ல. பெண் கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருந்தது, அந்தக் கவலை. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தவர் எங்கள் இருவரையும் கண்ணால் கூப்பிட்டார்.

"அப்பா காதுல விழக் கூடாது. முன்னறைக்கு வாங்க, பேசலாம்."

தெருமுனை மாரியம்மன் கோயிலில் அன்று கூழ் ஊற்றினார்கள். கோயில் மேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, வயரை எங்கள் முன்னறை வரைக்கும் இழுத்து வைத்துவிட்டு, மைக் செட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மேஜைமேல் அவருடைய துண்டு கிடந்தது. துண்டுக்கு அடியில் மைக் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. மூத்தவர் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, அந்தத் துண்டின் பக்கத்தில்தான் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"வீட்ட வித்துடலாம்" என்று ஆரம்பித்தார். "வர்ற பணத்த பேங்க்ல போட்டா வட்டியில அப்பாவுக்கு ஆள் வச்சிக்கலாம். மிச்சத்துல என் பொண்ணு கல்யாணமும் முடிஞ்சிடும்."

"அப்பா எங்க இருப்பாரு?" என்றார் கணவர்.

"நீங்க ஒரு வாடகை வீடு பாத்துக்குங்க. இங்க பாருடா, மூணு மாசம், ஆறு மாசம்னா பரவால்ல. அப்பாவப் பாத்தா பத்து வருஷம் இருப்பாரு போலத் தெரியுது!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாசத்துக்கு ஒரு நாள் வர்றீங்க. மாமாவுக்குன்னு வாங்கியாற ஆப்பிளையும் நீங்களே தின்னுட்டுப் போறீங்க. வீட்ட விக்கிறதுக்கு மட்டும் வழி சொல்றீங்களா?"

"சண்ட போடாதீங்க" என்றார் கணவர். "எனக்கு வீட்டுல தூக்கமே இல்ல. நைட் ஷிப்டுல மிஷினுக்குப் பின்னால படுத்தாதான் ரெண்டு மணி நேரம் தூங்கறேன்."

தூரத்தில் யாரோ கத்துவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. கோயில் கூட்டம் என்று நினைத்தோம். அப்போதுதான் மைக் செட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"அக்கா! மைக்கு ஆன்ல இருக்குக்கா! கூழு வாங்கற வரிசையே நவுராம நின்னு கேட்டுக்கினு இருக்குது!"

மூத்தவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மில் மேஸ்திரியின் வீடு கோயிலுக்கு எதிர்வீடு. எனக்கு ஆப்பிளைப் பற்றிப் பேசியதுதான் கூச்சமாக இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமனார் மூச்சுத் திணறுகிறார் என்று ஓடினோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க வாயால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜன்னல் கோயிலைப் பார்த்தது. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். படுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"என்னத் தூக்கு" என்றார் மீனவரிடம். "மைக்குகிட்ட கொண்டு போ."

யாரும் தடுக்கவில்லை. மேஜை முன்னால் உட்கார வைத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். செருமல் கோயில் வரைக்கும் போய் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். வீடு விக்கிறதுக்கு இல்ல. தரகருங்க யாரும் வர வேணாம். நான் இருக்கிற வரைக்கும் முன்னறை வாடகை என் செலவுக்கு. எனக்கப்புறம் ரெண்டு பசங்களுக்கும் பாதி பாதி. நாளைக்கே உயில் எழுதறேன். இத்தன பேரு சாட்சி இருக்கீங்க. பேத்தி கல்யாணத்துக்கு என் மில்லுப் பணத்துல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், பெரியவன் கவலப்பட வேணாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பத்து வருஷம் இருக்கப் பாக்கறேன்."

கோயில் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

மூத்தவர் தெருக் கூட்டம் கலையும் வரைக்கும் என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன். "கல்யாணத்துக்கு எடுத்து வச்சிருக்கேன்னு அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த மாதம் பை நிறைய ஆப்பிளோடு வந்து, ஒன்றைக்கூடத் தொடாமல் போனார். கணவரின் மேஸ்திரி மட்டும் ரொம்ப நாள் மிஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயில் மறுநாளே எழுதியாயிற்று. பேத்தியின் கல்யாணத்துக்கு மாமனாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். பத்து வருஷம் இருக்கவில்லை, ஏழு வருஷம் இருந்தார். ஒருநாள் மத்தியானம் வஞ்சிர மீன் குழம்போடு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், எழுந்திருக்கவில்லை. கடைசி வரைக்கும் தன் வீட்டில், தன் கட்டிலில், தன் வாடகைக் காசில் இருந்தார்.

பிறகு பாகப் பிரிவினைக்காகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். வாடகை வரும் முன்பக்கத்தைத் தம்பிக்கு எழுதச் சொன்னார் மூத்தவர். "வேணாம், அண்ணனுக்கு எழுதுங்க" என்றார் என் கணவர். நீ எடுத்துக்கோ, இல்லை நீ எடுத்துக்கோ என்று இருவர் குரலும் ஏறியது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடிச்சிக்கறவங்களத்தான் நான் பாத்திருக்கேன். போயி டீ குடிச்சிட்டு முடிவோட வாங்கய்யா. பின்னால கூட்டம் நிக்குது."

அண்ணனும் தம்பியும் வெளியே போனார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன சண்டை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் நம்பவில்லை.