அப்பாவின் இடுப்புக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுடைய அண்ணன் முன்னால் வாய் திறப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அம்மா அடுக்களை வாசலில் நிற்பாள், நடுவில் நான். "பெரியப்பாவக் காப்பி குடிக்கச் சொல்லுட்டி" என்பாள் அம்மா. "பெரியப்பா, காப்பி குடிக்கணுமாம்" என்பேன் நான். நாலடி தூரத்தில் இருப்பவருக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் டம்ளரைத் தொடுவார். ஒன்பது வயதில் அந்த வீட்டில் எனக்கிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பா சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற பஸ்ஸில் டிரைவர். அந்த வருஷம் அவருடைய வலது இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. முதலில் பிரேக்கை மிதிக்கையில் சுருக்கென்றது. பிறகு படி ஏறும்போது வலித்தது. கடைசியில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கே என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மூட்டு உருண்டைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டது, அதை எடுத்துவிட்டு உலோகத்தில் வேறு மூட்டு வைக்க வேண்டும் என்றார் எங்கள் ஊர் எலும்பு டாக்டர். தானே வைத்துவிடுவதாகவும் சொன்னார். வைக்காவிட்டால் நடை போய்விடும். வைத்தது சரியாக அமையாவிட்டாலும் நடை போய்விடும். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். அதற்கு முன்பே ஸ்கேன் படத்தைக் கூரியரில் வாங்கி, அங்கே ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியிருந்தார். அந்த டாக்டர் இடுப்பு மூட்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாராம். ஆபரேஷனுக்குத் தேதியும் வாங்கி வைத்திருந்தார் பெரியப்பா. அப்பாவைப் படிக்க வைத்தது, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவர் சொல்லி அப்பா ஒன்றைத் தட்டியதில்லை.

அன்றிலிருந்து வீடு சந்தைக்கடையாகிவிட்டது. அப்பாவோடு வண்டியில் போகிற கண்டக்டர் மாமா வந்து, "அண்ணாச்சி, வண்டிக்கே நாம ஒரிஜினல் ஸ்பேர்தான போடுதோம். ஒடம்புக்குப் போயி லோக்கல்ல போடுவியளா?" என்று கேட்டார். ஊர் டாக்டர் வைத்தாலும் சென்னை டாக்டர் வைத்தாலும் சாமான் ஒரே கம்பெனியிலிருந்துதான் வரும் என்பதை யார் சொல்லியும் அவர் நம்பவில்லை. கடையநல்லூரில் ஒருத்தர் சென்னையில் வைத்துக்கொண்டு வந்து சைக்கிள் மிதிக்கிறார் என்றார் ஒருவர். அதே மனிதர் இரண்டாம் தடவையும் சென்னைக்குப் போய்ப் படுத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அத்தை, எங்கள் ஊர்க் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னது சரி என்று அப்பா தலையாட்டினார். எனக்கோ, ஒரே இடுப்புக்கு இத்தனை பேர் எப்படிச் சொந்தக்காரர்கள் ஆனார்கள் என்று விளங்கவேயில்லை.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பூக்கடைக்கு மல்லி கட்டிக் கொடுப்பவள். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பூச்சந்தைக்குப் போனாள். ஊர் டாக்டரிடம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பூக்காரம்மாவை முக்காலியில் உட்காரச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, மூன்று தடவை பார்த்தாள். அப்படியே டாக்டரிடமும் போனாள். "நான் இருவது இருவத்தஞ்சு பேருக்குத்தாம்மா வச்சிருக்கேன். மெட்ராஸ் டாக்டர் ஆயிரம் பேருக்கு வச்சிருப்பாரு. அதையும் யோசிச்சுக்கோங்க" என்றார் அவர். இப்படி ஒரு டாக்டர் தன்னைத்தானே குறைத்துச் சொல்லுவாரா என்று எனக்கு அவர்மேல் இளக்காரமாக இருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேலை வந்தது. "மெட்ராசுல வச்சிட்டு வந்த பெறவு காலு வீங்குனா இங்கன யாரு பாக்கதுன்னு பெரியப்பாகிட்ட கேளு." கேட்டேன். பெரியப்பா என்னைப் பார்த்து, "அதெல்லாம் ஒங்கம்மா யோசிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். நான் திரும்பி நின்று அதை ஒரு எழுத்துப் பிசகாமல் அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மறுபடியும் கூப்பிட்டாள். "பூக்கட்டிப் பாத்துருவமான்னு கேளு."

முடிவு தெரியாத காரியத்துக்கு எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப்பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி அம்மன் முன்னால் வைத்து, சூதுவாது தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பூதான் அம்மன் வாக்கு. பெரியப்பா எத்தனை படித்தவரானாலும் அம்மனை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. வெள்ளை என்றால் ஊர் டாக்டர், சிவப்பு என்றால் சென்னை என்று முடிவாயிற்று. சூதுவாது தெரியாத பிள்ளை நான்.

அந்தப் பிள்ளைக்கு ரயிலில் போக ஆசை. சிவப்பு வந்தால் என்னையும் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். வெள்ளைக்கு மல்லி, சிவப்புக்குச் செவ்வரளி என்று அம்மா சொன்னதுமே எனக்குப் பொறி தட்டிவிட்டது. மல்லி மணக்கும், அரளி மணக்காது. மணக்காத பொட்டலத்தை எடுத்தால் கடல்.

அம்மா அடுக்களையில் வைத்து வாழையிலைத் துண்டில் இரண்டையும் கட்டினாள். தெருமுனை அம்மன் கோயிலில் பூசாரி அவற்றைத் தட்டில் வைத்து நீட்டினார். பெரியப்பா கைகூப்பி நின்றார். நான் கும்பிடுகிற மாதிரி நன்றாகக் குனிந்து மோந்து பார்த்தேன். இரண்டும் மணத்தன. அம்மா கை பட்டது எதுவானாலும் மல்லி வாசம் அடிக்கும்தானே என்று சமாதானம் செய்துகொண்டு, வாசம் குறைவாகத் தெரிந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"அம்பாளே சொல்லிட்டா. பெறவு என்ன?" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா சட்டைப் பையிலிருந்த ரயில் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மிஞ்சிய பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். பூசாரி அதை எடுப்பதற்குள் அம்மா எடுத்து என் கையில் கொடுத்தாள். "பிரிக்காம போட்டுட்டு வா, மக்கா." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மரத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். உள்ளேயும் மல்லிதான்.

நான் கள்ளத்தனம் செய்தது அம்மனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் சிவப்பை வெள்ளையாக மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியானால் அப்பாவுக்கு உண்மையிலேயே வந்திருக்க வேண்டியது எந்தப் பூ? சென்னைக்குப் போக வேண்டிய அப்பாவை நான் ஊரிலேயே நிறுத்திவிட்டேனா? யாரிடம் கேட்பது? பூவை மண்ணில் புதைத்துவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா வெளியே நடந்துகொண்டிருந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவள் கை ஈரமாக இருந்தது. "தாயே, என்னைய என்ன வேணும்னாலும் செய்யி. அவுகள ஒண்ணும் பண்ணிராத" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். தப்புச் செய்தது நானாக இருக்க, அம்மா எதற்குத் தன்னைத் தண்டிக்கச் சொல்லுகிறாள் என்று எனக்கு ஒரே குழப்பம். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அப்பா நடந்தார். இப்போதும் நடக்கிறார். ஒரு தடவை கால் வீங்கியபோது டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆனால் பஸ் மட்டும் ஓட்ட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ஆனார். சென்னையில் வைத்திருந்தால் ஓட்டியிருப்பான் என்று பெரியப்பா வரும்போதெல்லாம் சொல்வார். இருக்கலாம், யாருக்குத் தெரியும்? அவர் அதைச் சொல்கிறபோதெல்லாம் அம்மா, காப்பி வேண்டுமா என்று கேட்கச் சொல்வாள்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு பையனும் பிறந்தான். போன மாதம், மாமனார் தன் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவர் முன்னால் எனக்கும் வாய் வராது. நாலு வயது மகனைக் கூப்பிட்டு, "தாத்தாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுலே" என்றேன். அவனும் பெருமையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நடுவில் நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று மல்லி வாசம் அடித்த மாதிரி இருந்தது.

பூக்கட்டிய அன்றைக்கு அம்மா செவ்வரளி வாங்க எங்கேயும் போகவேயில்லை. கூடவே இருந்த எனக்கு அது தெரியும். அம்மன் எந்தப் பூவையும் மாற்றவில்லை. பூசாரி தட்டை என் முன்னால் நீட்டியபோது, நான் வழக்கமாகச் செய்கிற வேலையைத்தான் அம்மா எனக்குக் கொடுத்திருந்தாள். அம்மா சொன்னதை நான் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.