வெறும் தண்ணீர்தான் குடிக்கலாம்

பள்ளியில் அறிவியல் நடத்துகிற எனக்கு, கொல்லிமலையில் மிளகு பறிக்கும் அக்கா வீட்டுக்காரர் என்றாலே இளக்காரம். அவருடைய மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் மறுபடி ஒரு நிழல் தெரிந்தது. அது தழும்பா, உயிருள்ள கட்டியா என்று பெட் (PET) ஸ்கேனில்தான் தெரியும். ஊசியில் ஏற்றும் சர்க்கரையை உயிருள்ள கட்டி தின்று ஸ்கேனில் ஒளிரும்; ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை ஏறியிருந்தால் சரியாகத் தெரியாது. அதனால் ஸ்கேன் முடியும்வரை வெறும் தண்ணீர்தான் குடிக்கலாம் என்றார்கள்.

"மலைக்காட்டு மண்டையில இதெல்லாம் ஏறுமா?" என்று அக்காவிடமே சொல்லிவிட்டு, சேலத்துக்கு நானே கூட்டிப்போனேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது மாமா வாந்தியெடுத்துத் துவண்டார். என் பாட்டிலைக் கொடுத்தேன். தயங்கித்தான் குடித்தார்.

ஸ்கேன் சென்டரில் பார்த்தால், ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. இன்று எடுக்க முடியாது என்றார்கள்.

"பலாப்பழத்தை முழுங்கிட்டு வந்தீங்களா? ஒரு வேளை வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நான்தானுங்க ஏதோ தின்னுட்டேன்," என்று மாமா நர்ஸிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "உங்க தண்ணி இனிச்சுதுங்க மாப்ளே. சக்கரை ஆகாதுன்னாங்களேன்னு நெனச்சேன். வாத்தியாருக்குத் தெரியாததான்னு குடிச்சுட்டேனுங்க."

காலையில் என் தெம்புக்கு என்று அதில் குளுக்கோஸ் கரைத்தவன் நான்தான். மலைக்காட்டு மண்டையில் ஏறியது வாத்தியார் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரமும் துணைக்கு என்னையே கூப்பிட்டார். தண்ணீரை மட்டும் அவரே எடுத்துவந்தார்.